ஆம்ப் இல்லாமல் மேடையில் பேஸ் வாசிப்பது எப்படி

மேடையில் பேஸ் கிட்டாரின் ஆம்ப்ளிஃபையர், அதாவது ஆம்ப், நான்கு வேலை பார்க்கிறது. பிக்கப்பிலிருந்து (ஸ்ட்ரிங் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி) வரும் மெலிந்த சிக்னலைக் குறையாமல் வாங்கிக்கொள்கிறது. அதற்கு ஒரு குரல் கொடுக்கிறது. அரங்கத்துக்குக் கேட்கும் அளவுக்குப் பெரிதாக்குகிறது. வாசிப்பவருக்கும் பக்கத்தில் இருக்கும் டிரம்மருக்கும் சுருதியும் தாளமும் தெரியும்படி திருப்பிக் கொடுக்கிறது. ஆம்ப்பை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் இந்த நான்குக்கும் ஆள் வைக்க வேண்டும். முதல் இரண்டையும் கைக்கு அடக்கமான ஒரு பெட்டி பார்த்துக்கொள்ளும். மூன்றாவது பிஏ-வின், அதாவது அரங்கத்து ஒலிபெருக்கி அமைப்பின், பொறுப்பு. நான்காவதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஆம்ப் இல்லாத நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அங்கேதான் கெடுகின்றன. அதனால் இங்கேயும் அதற்குத்தான் அதிக இடம்.

ஆம்ப் வழியாக வராத பேஸ் மட்டமாக ஒலிக்கும் என்ற பயம் வேண்டாம். 1960களில் அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவன ஸ்டுடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் பெரும்பாலும் நேரடியாகக் கன்சோலுக்குள் (பதிவு மிக்சருக்குள்) போய்த்தான் பதிவானது. பழைய ஃபிளாட்வவுண்ட் (மேல்பரப்பு வழவழப்பான) ஸ்ட்ரிங், பிரிட்ஜ் ஓரத்தில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச், ஒரே ஒரு விரல். குரல் பெரும்பகுதி கையிலும் கருவியிலும் இருக்கிறது. அதை வழியில் சிதையாமல் கொண்டுபோவதுதான் வேலை.

மிக்சரில் நேராகச் செருகினால்

பேட்டரி இல்லாத பாசிவ் பேஸின் பிக்கப் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) 10 கிலோ ஓம் அளவில் இருக்கும். அலைவெண் கூடக் கூட அதுவும் ஏறும். மிக்சரின் மைக் இன்புட் 1.5 முதல் 2 கிலோ ஓம், லைன் இன்புட் 10 முதல் 20 கிலோ ஓம். இவ்வளவு தாழ்ந்த இன்புட் பிக்கப்பை அழுத்திவிடும்: சத்தம் விழும், மேல் அலைவெண்கள் முதலில் மறையும், போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் இருக்கும். பிக்கப்புக்குப் பிடித்தது 500 கிலோ ஓம் முதல் 1 மெகா ஓம் வரை உள்ள இன்புட். அதனால்தான் நடுவில் டிஐ (டைரக்ட் இன்ஜெக்ஷன்) பாக்ஸ் என்ற சிறு பெட்டி.

டிஐ இன்னொரு உதவியும் செய்கிறது. கிட்டார் கேபிளில் வரும் அன்பேலன்ஸ்டு சிக்னலை மூன்று முனை எக்ஸ்எல்ஆரில் போகும் பேலன்ஸ்டு சிக்னலாக மாற்றுகிறது. எக்ஸ்எல்ஆர் கேபிளில் 50 மீட்டர் போனாலும் இரைச்சல் ஏறாது. கிட்டார் கேபிளில் அது நடக்காது. மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் கப்பாசிட்டன்ஸ் உள்ள கேபிளில், பேஸிலிருந்து முதல் பெட்டி வரை 6 மீட்டரைத் தாண்டினாலே பாசிவ் பேஸின் மேல் ஒலி மங்கத் தொடங்கும். ஆக, குட்டைக் கேபிள் உங்கள் பக்கம், நீளக் கேபிள் மிக்சர் பக்கம்.

சில சிறிய மிக்சர்களில் முதல் ஒன்றிரண்டு சேனல்களுக்கு ஹை-இசட் (உயர் இம்பீடன்ஸ்) அல்லது இன்ஸ்ட்ரூமென்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். மிக்சர் மேடையிலேயே, கை எட்டும் தூரத்தில் இருந்தால் அதை அழுத்திவிட்டு நேராகச் செருகலாம். டிஐ தேவையில்லை.

எந்தப் பெட்டி

பாசிவ் டிஐ-க்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, வேறு பெரிதாக எதுவும் இல்லை. மின்சாரம் வேண்டாம், தரையில் விழுந்தாலும் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். 12:1 சுற்று கொண்டது 1.5 கிலோ ஓம் மைக் இன்புட்டைப் பேஸுக்கு ஏறத்தாழ 200 கிலோ ஓமாகக் காட்டும். சிக்னல் 20 டெசிபலுக்குச் சற்று மேல் குறைந்து மைக் அளவுக்கு வரும். பேட்டரி போடும் ஆக்டிவ் பேஸுக்கோ, முன்னால் பெடல்கள் இருந்தாலோ இது தாராளமாகப் போதும். மிக மலிவான டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் வேண்டாம். கீழ் நோட்டுகளில் அது திணறும். டிரான்ஸ்ஃபார்மருக்குக் கடினமான வேலையே தாழ்ந்த அலைவெண்தான்.

ஆக்டிவ் டிஐ 9 வோல்ட் பேட்டரியிலோ, மிக்சரிலிருந்து வரும் 48 வோல்ட் பாண்டம் பவரிலோ ஓடும். இன்புட் பொதுவாக 1 மெகா ஓம். பாசிவ் பேஸ் நேராகப் போவதென்றால் இதுதான் சரி. பீசோ பிக்கப் (அழுத்தத்தை மின்சிக்னலாக்கும் வகை) மாட்டிய டபுள் பேஸ் என்றால் இதைவிடவும் உயர்ந்த இன்புட் வேண்டும். பீசோவுக்கென்றே செய்த பிரீஆம்ப் (முன்நிலைப் பெருக்கி) இருந்தால் அதன் வழியாகப் போங்கள், இல்லாவிட்டால் மூக்கடைத்த, கீழ்ப்பகுதி இல்லாத ஒலிதான் மிஞ்சும்.

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் வெறும் டிஐ வாங்காதீர்கள், எக்ஸ்எல்ஆர் அவுட் உள்ள பேஸ் பிரீஆம்ப் பெடல் வாங்குங்கள். டெக் 21 சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டிஐ இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர். அதே வேலையைச் செய்யும் பெட்டிகள் எல்லா விலையிலும் கிடைக்கின்றன. டிஐ-யின் வேலையோடு ஈக்யூ (அலைவெண் வாரியாக ஏற்றி இறக்குவது), கொஞ்சம் டிரைவ் (ஒலியை உடைத்துக் கரகரப்பாக்குவது), கேபினட் சிமுலேஷன் (ஆம்ப்பின் ஸ்பீக்கர் பெட்டியைப் போல ஒலிக்கச் செய்வது) எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். சவுண்ட் என்ஜினியர் யாராக இருந்தாலும் உங்கள் குரல் உங்கள் காலடியிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

கேபினட் சிமுலேஷனை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். டுவீட்டர் இல்லாத பேஸ் கேபினட் 4, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றும் பேசாது. பிஏ ஸ்பீக்கரின் ஹார்ன் 16 கிலோஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் சொல்லிவிடும்: ஃபிரெட்டில் ஸ்ட்ரிங் அடிக்கும் சத்தம், விரல் உரசல், டிரைவ் பெடலின் தேனீக் கூட்டம். டிரைவ் போடுபவர் என்றால் சிமுலேஷன் கட்டாயம். பெடலில் அது இல்லையென்றால் மிக்சரில் 5 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு லோ-பாஸ் (அதற்கு மேலுள்ளதை வெட்டும் ஃபில்டர்) போடச் சொல்லுங்கள்.

பெடல்களின் வரிசை: ட்யூனர், கம்ப்ரஸர் (உச்சச் சத்தத்தை அடக்குவது), டிரைவ், மற்றவை, கடைசியாகப் பிரீஆம்ப் டிஐ. வீட்டில் ஒவ்வொன்றையும் போட்டும் அணைத்தும் அளவு மாறுகிறதா என்று பாருங்கள். ஆம்ப்பில் 6 டெசிபல் தாவல் உங்கள் காதோடு நின்றுவிடும். இங்கே அது நேராகக் கூட்டத்தின் முகத்தில் அறையும்.

அரங்கத்தில் இணைக்கும் வரிசை

மிக்சரில் உங்கள் சேனல் மியூட்டில், ஃபேடர் (அளவை ஏற்றி இறக்கும் நகர்த்தி) கீழே இருக்க வேண்டும். இதைக் கேட்டு உறுதி செய்த பிறகே கேபிளைத் தொடுங்கள். பேஸ், பெடல், டிஐ, எக்ஸ்எல்ஆர் என்று எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, தேவையென்றால் பாண்டம் போடச் சொல்லி, சில நொடி பொறுத்து, பிறகு மியூட்டை எடுக்கலாம். பாண்டம் ஏறும்போது செருகினால் வரும் "டொப்" ஸ்பீக்கரையே கிழிக்கக்கூடிய அடி.

பாசிவ் டிஐ-யைப் பாண்டம் ஒன்றும் செய்யாது. ஆனால் பெடலின் சாதாரண ஜாக் அவுட்டை ஜாக்-எக்ஸ்எல்ஆர் கேபிள் வழியாக நேராக மைக் இன்புட்டில் மாட்டியிருந்தால் அந்த 48 வோல்ட் பெடலுக்குள் ஏறிவிடலாம். பெடலின் எக்ஸ்எல்ஆர் அவுட்டும் பாண்டமைத் தாங்குமா என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள். தாங்காது என்றால் அந்தச் சேனலில் பாண்டம் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

அடுத்து கெய்ன், அதாவது மிக்சருக்குள் நுழையும் சிக்னலைப் பெரிதாக்கும் அளவு. சவுண்ட் செக்கில் மெதுவாக வாசித்துவிட்டு நிகழ்ச்சியில் ஓங்கி அடிப்பது எல்லோரும் செய்யும் தவறு. நிகழ்ச்சியில் நீங்கள் வாசிக்கப்போகும் மிகக் கனமான பகுதியை அதே விசையோடு வாசியுங்கள். ஸ்லாப் (கட்டைவிரலால் ஸ்ட்ரிங்கை அடிப்பது) இருந்தால் ஸ்லாப். டிஜிட்டல் மிக்சரில் சராசரி மைனஸ் 18 டெசிபல் அருகிலும் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 10 வரையிலும் நிற்க வேண்டும். அனலாக் மிக்சரில் 0-வைச் சுற்றி ஆடலாம், சிவப்பு மட்டும் எரியக் கூடாது. இது முடிந்த பிறகு பெடலின் அவுட்புட் லெவலைத் தொடவே கூடாது. உங்களுக்குச் சத்தம் போதவில்லை என்று அதைத் திருகினால் அரங்கம், மானிட்டர் (வாசிப்பவர் தன்னைக் கேட்கும் ஸ்பீக்கர்), பதிவு எல்லாம் ஒன்றாக ஏறும், என்ஜினியர் அங்கே ஃபேடரை இறக்குவார், நீங்கள் மறுபடி ஏற்றுவீர்கள். அந்தப் போட்டியில் யாரும் ஜெயித்ததில்லை.

ஈக்யூ: அடிப்பகுதியை வெட்டத் தயங்காதீர்கள்

நான்கு ஸ்ட்ரிங் பேஸின் ஈ 41 ஹெர்ட்ஸ். ஐந்து ஸ்ட்ரிங்கின் பி 31 ஹெர்ட்ஸ். 12 அங்குல பிஏ ஸ்பீக்கர்கள் பல 50, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே உபயோகமாக எதையும் கொடுப்பதில்லை. கொடுக்க முயன்று கோனை ஆட்டி, ஆம்ப்ளிஃபையரின் சக்தியைத் தின்று, பாடகரின் குரலையும் சேர்த்து நசுக்கும். ஆகவே சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) இல்லாத பிஏ-வில் 50 முதல் 60 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் (அதற்குக் கீழுள்ளதை வெட்டும் ஃபில்டர்) போடுங்கள். சப் இருந்தால் 35 முதல் 40 போதும். நோட்டு போய்விடும் என்ற கவலை தேவையில்லை: 82, 123 என்று மேலே வரும் ஹார்மோனிக்குகளைக் கேட்டே காது 41-ஐத் தானாக ஊகித்துக்கொள்கிறது. சிறிய ரேடியோவில்கூடப் பேஸ் நகர்வு புரிவது அதனால்தான்.

குழம்பு மாதிரி கலங்கி ஒலித்தால் 200 முதல் 300 ஹெர்ட்ஸில் 2, 3 டெசிபல் இறக்குங்கள். நோட்டு பிரிந்து கேட்க வேண்டுமென்றால் 700 முதல் 1000 ஹெர்ட்ஸில் 2, 3 டெசிபல் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் அது கொஞ்சம் கரகரப்பாக, அழகில்லாமல் இருக்கும். எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போதுதான் அதன் மதிப்பு தெரியும். தனியாக வாசித்து, அழகாகக் கேட்கும்படி நடுப்பகுதியைக் குடைந்தெடுத்த பேஸ், கச்சேரி தொடங்கியதும் காணாமல் போகும்.

காலால் அடிக்கும் கிக் டிரம்மோடு இடம் பங்கிட வேண்டும். கிக் 60 ஹெர்ட்ஸில் உட்கார்ந்தால் பேஸ் 90, 100-இல் உட்காரட்டும்; கிக் மேலே இருந்தால் பேஸ் கீழே போகட்டும். இரண்டும் ஒரே இடத்தில் முட்டினால் இரண்டுமே கேட்காது.

ஆம்ப் இருந்தால் அதன் பவர் பகுதியும் ஸ்பீக்கரும் சேர்ந்து உச்சங்களை இயல்பாகவே சற்று மழுக்கிவிடும். டிஐ-யில் அந்த மெத்தை கிடையாது. கம்ப்ரஸரில் விகிதம் 4:1, அட்டாக் (அடக்கத் தொடங்கும் நேரம்) 20 முதல் 30 மில்லிசெகண்ட், ரிலீஸ் (விடுவிக்கும் நேரம்) 100 முதல் 150 என்று தொடங்கி, கனமான நோட்டுகளில் 3 முதல் 6 டெசிபல் குறையும்படி திரெஷோல்டை (அடக்கம் தொடங்கும் அளவை) வையுங்கள். அட்டாக்கை இன்னும் வேகமாக வைத்தால் விரல் படும் அந்த முதல் நொடியே தட்டையாகிவிடும்.

உங்களுக்கு எப்படிக் கேட்கும்

பிஏ ஸ்பீக்கர்கள் உங்களுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்கின்றன. மேல் அலைவெண்கள் முன்னோக்கியே போய்விடும். தாழ்ந்த அலைவெண்கள் எல்லாத் திசையிலும் பரவி மேடைக்குப் பின்னாலும் சுற்றி வரும். ஆகவே மேடையில் உங்களுக்குக் கிடைப்பது உருவமில்லாத ஒரு "ம்ம்ம்". அதுவும் தாமதமாக: சப்வூஃபர் 10 மீட்டர் தள்ளியிருந்தால் ஏறத்தாழ 29 மில்லிசெகண்ட் கழித்து. அதைக் கேட்டு வாசித்தால் தாளம் பின்னால் இழுக்கும், சுருதியும் சந்தேகமாகும், கை தானாக ஓங்கும். மானிட்டர் இல்லாமல் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதல் வழி, தரையில் சாய்த்து வைக்கும் வெட்ஜ். 12 அங்குலமாவது இருக்கட்டும். அதில் அடிப்பகுதியைக் கேட்காதீர்கள். அது சப்பிலிருந்தும் மேடைப் பலகையிலிருந்தும் ஏற்கெனவே வருகிறது. வெட்ஜில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 800 ஹெர்ட்ஸைச் சுற்றிக் கொஞ்சம் ஏற்றினால் குறைந்த சத்தத்திலேயே சுருதி தெளியும். வெட்ஜுக்குப் போகும் ஆக்ஸ் சென்ட் (மிக்சரிலிருந்து பிரியும் தனி வழி) கட்டாயம் ப்ரீ-ஃபேடராக, அதாவது ஃபேடருக்கு முன்பே பிரிவதாக, இருக்க வேண்டும். போஸ்ட்-ஃபேடரில் இருந்தால் என்ஜினியர் அரங்கத்தில் பேஸை இறக்கும்போதெல்லாம் உங்கள் காதிலும் இறங்கும்.

இரண்டாவது வழி, உங்களுக்குப் பின்னால் ஒரு பவர்டு ஸ்பீக்கர். ஆம்ப் முதுகில் தட்டும் சுகத்துக்குப் பழகியவர்களுக்கு இதுதான் பிடிக்கும். பிரீஆம்ப் பெடலின் எக்ஸ்எல்ஆர் மிக்சருக்கு. அதன் ஜாக் அவுட் ஸ்பீக்கரின் லைன் இன்புட்டுக்கு. ஸ்பீக்கரின் பின்னால் உள்ள வால்யூமை நீங்கள் எப்படித் திருப்பினாலும் அரங்கத்தில் எதுவும் மாறாது. அதில் மைக்-லைன் ஸ்விட்ச் இருந்தால் லைனில் வையுங்கள், மைக்கில் இருந்தால் உடைந்து ஒலிக்கும். வெறும் டிஐ-யின் த்ரூ அவுட்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்: பல டிஐ-களில் அங்கே வருவது உங்கள் பேஸின் அசல் மெலிந்த சிக்னலே. ஸ்பீக்கரின் தாழ்ந்த லைன் இன்புட் பிக்கப்பை அழுத்தி, மிக்சருக்குப் போகும் ஒலியையும் சேர்த்து மங்கடிக்கும். ஸ்பீக்கரைச் சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் அடிப்பகுதி ஊதும். ஒரு மீட்டராவது தள்ளி, காதுக்குச் சாய்த்து வையுங்கள்.

மூன்றாவது, இன்-இயர், அதாவது காதுக்குள் செருகும் மானிட்டர். பேஸ் வாசிப்பவருக்கு இதில் முக்கியமானது காதுக்குள் காற்றுப்புகாமல் அடைப்பது. சிறிது இடைவெளி இருந்தாலும் முதலில் காணாமல் போவது தாழ்ந்த அலைவெண்தான், "இந்த இன்-இயரில் பேஸே இல்லை" என்று தோன்றும். சிலிகான் முனைகளில் மூன்று அளவையும் மாட்டிப் பார்த்து, சரியாக அடைக்காவிட்டால் ஃபோம் முனைக்கு மாறுங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றி வாசிக்கும் பழக்கம் ஆபத்து: வெளிச்சத்தத்தோடு போட்டி போட அடுத்த காதில் வால்யூமை ஏற்றிக்கொண்டே போவீர்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்று தொடங்கும் தொழில்முறைப் பாதுகாப்பு வரம்பு ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதியாகக் குறைந்து, 100 டெசிபலில் 15 நிமிடமாகிறது. லிமிட்டர் (சத்தம் வரம்பைத் தாண்டாமல் தடுப்பது) உள்ள ஹெட்ஃபோன் ஆம்ப்பையே பயன்படுத்துங்கள்.

பேஸ் வாசிப்பவர் பெரும்பாலும் ஓரிடத்தில் நிற்பவர், அதனால் ஒயர்லெஸ் இன்-இயருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. இடுப்பில் மாட்டும் ஒயர்டு ஹெட்ஃபோன் ஆம்ப்பும் ஆக்ஸ் அவுட்டிலிருந்து ஒரு எக்ஸ்எல்ஆர் கேபிளும் போதும். ஒரு எச்சரிக்கை: பேலன்ஸ்டு ஆக்ஸ் அவுட்டில் ஹெட்ஃபோனை நேராகச் செருகக் கூடாது. இடது காதுக்கு ஒரு சிக்னலும் வலது காதுக்கு அதன் தலைகீழும் போகும். பேஸ் தலைக்குள் எங்கோ கரைந்துபோனதுபோல் இருக்கும். ஹெட்ஃபோன் ஆம்ப்பில் மோனோ ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட மறக்காதீர்கள்.

இன்-இயரில் உடம்பில் அதிர்வு இருக்காது. முதல் சில ஒத்திகைகளில் வாசிப்பே வறண்டதுபோல் தோன்றும். கிக்கையும் ஹை-ஹாட்டையும் உங்கள் மிக்ஸில் சேர்த்து, கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக் வைத்து அதையும் கொஞ்சம் கலந்தால் மேடை உணர்வு திரும்பும்.

டிரம்மரை மறந்துவிடாதீர்கள். ஆம்ப் இருந்தபோது அவருக்குப் பேஸ் சும்மா கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது அவருடைய மானிட்டரிலும் பேஸ் போகிறதா என்று நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள்.

பிஏ-வே இல்லாத சிறிய இடம்

ஹை-இசட் இன்புட் உள்ள 12 அல்லது 15 அங்குல பவர்டு ஸ்பீக்கர், அல்லது கீபோர்டு ஆம்ப், இரண்டும் பேஸுக்கு ஒத்துவரும். கீபோர்டின் கீழ்ப் பகுதியும் பேஸ் அளவுக்கு இறங்குவதால் அந்த ஆம்ப்கள் அதைத் தாங்கும். எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்பில் மெதுவாகப் பயிற்சி செய்யலாம். டிரம்ஸோடு போட்டி போடும் சத்தத்தில் வாசித்தால் அதன் ஸ்பீக்கர் கோன் அளவுக்கு மீறி நகர்ந்து கிழியும்.

லேப்டாப்பிலோ ஃபோனிலோ ஆம்ப் சிமுலேஷன் ஓட்டுபவர்கள் பஃபரை (ஒலியைத் தேக்கி அனுப்பும் அளவை) 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் அல்லது அதற்குக் கீழே வையுங்கள். போக, வர மொத்தத் தாமதம் 10 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். சார்ஜரை மாட்டியதும் சிணுங்கல் வந்தால் இன்டர்ஃபேஸின் (கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) அவுட்டை டிரான்ஸ்ஃபார்மர் டிஐ வழியாக அனுப்புங்கள்.

கோளாறு வந்தால்

ஹம் (தொடர் முனகல்) வந்தால் முதலில் டிஐ-யின் கிரவுண்ட் லிஃப்ட்டை (தரை இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) போடுங்கள். சில ஆக்டிவ் டிஐ-களில் அதைப் போட்டால் பாண்டமின் திரும்பும் வழியும் அறுந்து பெட்டியே அணைந்துவிடும். அப்போது பேட்டரிக்கு மாறுங்கள். ஹம்மைப் போக்க மின்செருகியின் எர்த் முனையை மட்டும் யாரும் துண்டிக்கக் கூடாது, அது உயிர் போகும் காரியம். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் ஹம் குறைந்தால் கேபிளின் ஷீல்டையோ பேஸின் உள் வயரிங்கையோ பாருங்கள். கிட்டார் கேபிளுக்குப் பதில் ஸ்பீக்கர் கேபிள் மாட்டப்பட்டிருந்தாலும் இரைச்சல் வரும். பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், ஸ்பீக்கர் கேபிளில் ஷீல்டு கிடையாது.

ஒலி நேரம் ஆக ஆக உடைந்து, நோட்டு முனையில் கிழிந்தால் 9 வோல்ட் பேட்டரி சாகிறது. ஆக்டிவ் பேஸில் கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும், இடைவேளையில் பிடுங்கிவிடுங்கள். சத்தமே வரவில்லை என்றால் ட்யூனர் மியூட்டில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு மற்றவரைக் கூப்பிடுங்கள்.

பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: பிரீஆம்ப் பெடல், சும்மா ஒரு பாசிவ் டிஐ, 3 முதல் 6 மீட்டர் கிட்டார் கேபிள் இரண்டு, 6 மீட்டர் எக்ஸ்எல்ஆர் இரண்டு, புதிய 9 வோல்ட் பேட்டரி இரண்டு, பெடலுக்கு உரிய அடாப்டர், காது அடைப்பான். பிரீஆம்ப் நடுவில் செத்தால் பேஸை நேராகப் பாசிவ் டிஐ-யில் செருகி ஒரே நிமிடத்தில் தொடரலாம்.

முடிந்ததும் கழற்றும் வரிசை இணைத்ததற்கு நேர் எதிர்: மியூட், பாண்டம் அணைப்பு, சில நொடி, பிறகு கேபிள். என்ஜினியர் கை காட்டும் வரை பேஸில் இருக்கும் ஜாக்கைக் கழற்றாதீர்கள்.